அம்பாசடர் மார்க் 2: பழைய எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதா, வேறு எஞ்சினை ஏற்றுவதா?

4 ஜூன் 2025 – வாசகர் கேள்வி

என்னிடம் 1969இல் பதிவான அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது. அதே 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்தான் இன்னும் ஓடுகிறது. புகை அதிகம், மேடு ஏறத் திணறுகிறது, நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டுகிறது. எஞ்சின் வேலை செய்தால் செலவு தாங்காது, ஜப்பானிய வடிவமைப்பான 1800 இசுசு (1817 சிசி) எஞ்சினை ஏற்றிவிடலாம் என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதவும்.

4 ஜூன் 2025, இரவு – பதில்

மறுக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் மூன்று வேறு இடங்களிலிருந்து வரக்கூடியவை. அவை ஒரே நேரத்தில் தலைகாட்டியதாலேயே எஞ்சின் ஆயுள் முடிந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

முதலில் புகையின் நிறத்தையும் அது வரும் நேரத்தையும் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலமாக வந்து சற்று நேரத்தில் அடங்கிவிட்டால், வால்வு கைடுகளும் ஆயில் சீல்களும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள்; அது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலையோடு முடியும். சுமையோடு மேடு ஏறும்போது நீலப் புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். கரும்புகை என்றால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றுகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட்டுக்கு அடியிலிருக்கும் கேஸ்கெட்டில் பழுது.

மேடு ஏறத் திணறுவதற்கும் எஞ்சினின் தேய்மானம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால், பாயிண்ட் இடைவெளியை எத்தனை முறை சரிசெய்தாலும் டைமிங் நிலையாக நிற்காது. கிளட்ச் வழுக்கினாலும், ஒரு சக்கரத்தில் பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருந்தாலும், ஓட்டுபவருக்கு எஞ்சினில் இழுவை இல்லாததுபோலவே தோன்றும்.

ஆயில் சொட்டுவது இந்த எஞ்சினின் பிறவி இயல்பு. இது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் எஞ்சின். அதில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பின்முனையில் இன்றைய கார்களில் இருப்பதுபோல ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுப் பள்ளமே ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. ரிங்குகள் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்கி, கிராங்க் கேஸில் அழுத்தம் கூடும்போது அந்தப் பள்ளத்தால் ஈடுகொடுக்க முடியாமல் ஒழுக்கு அதிகமாகிறது. ஆகவே முதலில் அந்த வாயு வெளியேறும் பிரீதர் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தாலும் இதே ஒழுக்கு வரும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு எழுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளவு எடுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதே முக்கியம். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் எடுங்கள். அளவு ஏறினால் குறை ரிங்கிலும் சிலிண்டரிலும் இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் இருக்கிறது.

5 ஜூன் 2025

நேற்று எழுதியதில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தால் எடுத்த எடுப்பில் கம்ப்ரஷன் பார்க்காதீர்கள். ரிங்குகள் பிஸ்டன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு, நல்ல எஞ்சினையும் கெட்டதாகக் காட்டும். பிளக் துவாரம் வழியாக மெல்லிய ஆயில் விட்டு ஊறவைத்து, பின் ஆயிலை மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, எஞ்சின் சூடாக இருக்கும்போது சோதியுங்கள். ஓட்டும்போதே ஆயில் பிரஷரையும் குறித்துக்கொள்ளுங்கள். சூடான எஞ்சின் சாலை வேகத்தில் 50 பிஎஸ்ஐ அருகிலும், ஐடிலில் 15 அளவிலும் காட்டினால் பேரிங்குகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

9 ஜூன் 2025

மெக்கானிக் சொல்லும் மாற்றத்தின் சட்டப் பக்கத்தை நான் இதுவரை தொடவில்லை. உங்கள் வண்டிக்கு அதுவே பெரிய விஷயம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இந்தப் பிரிவை இறுக்கமாகவே பொருள்கொண்டது. எஞ்சின் எண்ணும் அதன் கொள்ளளவும் ஆர்.சி.யில் இருப்பவை. 1489 என்று எழுதிய இடத்தில் 1817 சிசி எஞ்சின் உட்கார்ந்தால், முன்னனுமதி இல்லாத நிலையில், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது தொடங்கி விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கை வரை எங்கு வேண்டுமானாலும் அது இடறும்.

இன்னொன்று, உங்கள் வண்டி 1969இல் பதிவானது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வண்டி மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தப் பதிவு இருந்தால் அன்றாடப் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் வண்டியை எடுக்க முடியாது என்ற கட்டுப்பாடும் உண்டு. எனவே எல்லோருக்கும் அது பொருந்தாது. ஆயினும் இன்று வேண்டாம் என்று நினைப்பவர்கூடப் பத்தாண்டு கழித்து விரும்பலாம். இசுசுவை ஏற்றியவுடன் அந்தக் கதவு மூடிவிடுகிறது. அதே எஞ்சினை அதன் வடிவத்திலேயே பிரித்துப் பழுது பார்ப்பது மாற்றம் ஆகாது என்பதே நான் அந்த விதியைப் படித்துக் கொண்ட பொருள்.

10 ஜூன் 2025

“அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பெட்ரோல் அம்பாசடரில் மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டவில்லையா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓட்டினார்கள். அந்தக் கணக்கு வேறு. வாடகைக்கு நாள் முழுவதும் ஓடும் காருக்குப் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசமே மாற்றும் செலவைத் திருப்பிக் கொடுத்துவிடும். அந்தக் கார்களின் முன்புறம் எப்படித் தாழ்ந்து நின்றது என்பதும், ஐடிலில் கண்ணாடிகள் எப்படி அதிர்ந்தன என்பதும் அவற்றில் ஏறியவர்களுக்கு நினைவிருக்கும். அம்பாசடரின் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பியில் நிற்பது. கனமான எஞ்சினை வைத்தால் அதை முறுக்கி உயர்த்த வேண்டும்.  மாதம் இரண்டு முறை வெளியே எடுக்கும் காருக்கு அந்த வணிகக் கணக்கைப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

14 ஜூன் 2025

இசுசுவுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே பேச வேண்டும். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1990களின் தொடக்கத்தில் அம்பாசடரில் பொருத்திய எஞ்சின் அது. அதோடு ஐந்து கியர் பெட்டியும் வந்தது. பழைய எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் என்றால் அது 75 அளவில் நின்றது. நெடுஞ்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் போகும்போது அந்த எஞ்சின் சிரமமே படுவதில்லை. 1489இல் அதே வேகத்தில் எஞ்சின் சத்தத்தை மீறி உரக்கப் பேச வேண்டியிருக்கும். இரண்டையும் நீண்ட தூரம் ஓட்டியவன் என்ற முறையில் இதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் 1800 மாடலில் கம்பெனி அந்த எஞ்சினைத் தனியாக வைத்துவிடவில்லை. உங்கள் மார்க் 2இல் கியர் மாற்றும் கம்பி ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது; இசுசுவின் கியர் பெட்டிக்குத் தரையில் வழி வேண்டும். ஆகவே தரைத் தகட்டை வெட்ட வேண்டும். எஞ்சின் மவுண்ட், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், ஸ்பீடோமீட்டர் கேபிள், டைனமோவை நம்பி அமைந்த வயரிங் என்று ஒவ்வொன்றாகக் கைவைக்க வேண்டிவரும். பாடியே சேசிஸாக அமைந்த வண்டி இது. வெட்டி ஒட்டும் ஒவ்வோர் இடமும் அதன் பலத்தைத் தொடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பிரேக்கை மாற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டுவதை என்னால் யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

“தூக்கி வைத்துவிடலாம்” என்று மெக்கானிக் சொல்லும் விலை, பெரும்பாலும் எஞ்சின் விலையும் கூலியும் மட்டுமே. மேலே சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விலை கேளுங்கள்.

14 ஜூன் 2025, பின்னிரவு

எழுதி முடித்த பிறகு தோன்றியது. என் வாதத்தின் மையமே இதுதான். ஏற்றப்போகும் இசுசுவும் பழைய எஞ்சின்தான். அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுவிட்டது. பழைய வாகனப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையிலோ வேறெங்கோ கிடைப்பது, கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து இறக்கிய எஞ்சினாக இருக்கும். அது எவ்வளவு ஓடியது, எத்தனை முறை சூடேறி நின்றது என்பதைக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. ஆகவே அதையும் பிரித்துப் பார்த்து, ரிங்கும் பேரிங்கும் மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அப்படியானால் உங்கள் முன் இருப்பது, வரலாறு தெரிந்த சொந்த எஞ்சினுக்கு வேலை செய்வதா, யாருடையதோ ஆன ஒரு எஞ்சினுக்கு அதே வேலையைச் செய்து அதன்மேல் பொருத்தும் செலவையும் சேர்ப்பதா என்ற கேள்வி. எஞ்சின் வேலையின் செலவைத் தவிர்ப்பதற்காக மாற்றுகிறோம் என்ற எண்ணம் இங்கே நிற்கவில்லை.

21 ஜூன் 2025

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், தம் வீட்டு ஆஸ்டின் கேம்பிரிட்ஜுக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். பொருந்தும். ஏ50, ஏ55 கேம்பிரிட்ஜ் கார்களில் இருப்பதும் இதே 1489 பி-சீரிஸ்தான்.

உங்கள் ஊரில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல், இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டியதை அங்குள்ள முதியவர்கள் இன்றும் விவரிப்பார்கள். குறைந்த கம்ப்ரஷன் விகிதம் கொண்ட பழைய எஞ்சின்கள் என்பதாலேயே அது முடிந்தது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும். அந்த ஆண்டுகளைக் கடந்து வந்த எஞ்சினில் சிலிண்டரைப் போலவே கிராங்க் தண்டும் தேய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, இரண்டையும் அளக்காமல் ரிங் மட்டும் மாற்றாதீர்கள். இலங்கையில் மொரிஸ் மைனருக்கு ஜப்பானிய எஞ்சின் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது என்பது தெரியும். அதற்காக நல்ல பிளாக் உள்ள கேம்பிரிட்ஜையும் அதே வழியில் அனுப்ப வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

22 ஜூன் 2025

உதிரிப் பாகங்களைப் பற்றி. இசுசுவுக்குப் பாகம் எளிது, பழையதற்குக் கிடைக்காது என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. எம்ஜிஏ 1500 விளையாட்டுக் காரில் இருப்பதும் இதே 1489 சிசி குடும்பம். அந்தக் காரை உலகமெங்கும் பலர் இன்னும் பேணுவதால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் புதிதாகவே தயாராகின்றன. தருவித்தால் விலை கூடும், உண்மை. நம் ஊர்ப் பாகங்களே பெரும்பாலும் போதும், கிடைக்காதபோதுதான் அந்த வழி. அம்பாசடரின் இசுசு பெட்ரோல் எஞ்சினுக்கு அப்படிப்பட்ட உலகளாவிய ஆதரவு இல்லை. இருபது ஆண்டு கழித்து எதற்குப் பாகம் கிடைக்கும் என்று கேட்டால், பழையதற்கே என்பேன்.

29 ஜூன் 2025

பட்டறை வேலையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்து மேலே இழுத்துப் பாருங்கள். மேல் ரிங் எட்டாத இடத்தில் தேயாத இரும்பு வளையமாக நிற்கும். நகம் அதில் இடறி நின்றால் தேய்மானம் கணிசமானது. பிறகு உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து, அந்த விளிம்புக்குக் கீழே, கிராங்க் தண்டுக்குக் குறுக்குத் திசையில் அளக்கச் சொல்லுங்கள். மூல அளவு 73.025 மில்லிமீட்டர். தேய்மானம் கால் மில்லிமீட்டரை நெருங்கினால் ரிங் மாற்றுவது வீண். போர் போட, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்க வேண்டும்.

பிஸ்டன்களை வாங்கிக் கையில் கொடுத்த பிறகே போர் போட விடுங்கள். நல்ல பட்டறைக்காரர் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்குரிய இடைவெளி வைத்து, அந்தந்தச் சிலிண்டரைக் குடைவார். அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிப் போர் போட்டுவிட்டு, பிஸ்டன் வந்த பிறகு “கொஞ்சம் லூஸ், பரவாயில்லை” என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். அந்த எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் பிஸ்டன் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் வழிகளை மூடியிருக்கும் வெல்ஷ் பிளக் என்ற தகட்டு மூடிகளை எடுக்காமல் எந்த வேலையையும் ஏற்காதீர்கள். எங்கள் மார்க் 2இல் நான்காவது சிலிண்டர் பக்கத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் செம்மண் நிறச் சேறு கட்டியாக விழுந்தது. அதன் பின்னால்தான் தண்ணீர் வந்தது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதன் படிவு அது. பின்பக்கச் சிலிண்டர் எப்போதும் கூடுதலாகச் சூடேறி முதலில் தேய்வதற்கு அதுவே காரணம். ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை.

ஹெட்டில் எக்சாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் வளையங்களைப் போட்டுவிடுங்கள். 2000ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். ஈயம் தந்த பாதுகாப்பு இல்லாமல் பழைய வார்ப்பிரும்பு சீட் மெல்ல உள்ளிறங்கும். வால்வுக்கு மேல் விடும் டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே போவது அதன் அறிகுறி. இப்போது பெட்ரோல் நிலையங்களில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும். இது இரண்டு வழிகளுக்கும் பொதுவான செலவு.

20 ஜூலை 2025 – கேள்வி கேட்ட வாசகர்

சோதனைகளை முடித்தேன். கம்ப்ரஷன் மூன்று சிலிண்டர்களில் 95 பிஎஸ்ஐ அருகில், நான்காவதில் 60. ஆயில் விட்டதும் நான்கும் ஏறின. ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில் பிஸ்டன் தலையில் 040 என்று பொறித்திருக்கிறது. தேய்மானம் நான்காவதில் 0.30 மில்லிமீட்டர். இனிப் போர் போட இடமில்லை, பிளாக் முடிந்தது, இசுசுவே வழி என்கிறார் மெக்கானிக்.

20 ஜூலை 2025, இரவு

நான்கும் ஏறியதால் குறை சிலிண்டரிலும் ரிங்கிலும் இருக்கிறது என்பது உறுதி. நான்காவது மற்றவற்றைவிட மோசமாக இருப்பது, எங்கள் வண்டியில் கண்டதுபோன்ற சேற்றின் வேலையாகவே தெரிகிறது. 040 என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு; ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குடைந்த எஞ்சின் என்பதைக் காட்டுகிறது. மேலும் குடையக் கூடாது என்பதில் மெக்கானிக்கோடு உடன்படுகிறேன்.

பிளாக் முடிந்தது என்பதோடு உடன்பட மாட்டேன். நான்கு சிலிண்டர்களுக்குள்ளும் ஸ்லீவ் என்னும் இரும்புக் குழாயைச் செருகி 73.025 மூல அளவுக்கே திரும்பலாம். லாரி, டிராக்டர் எஞ்சின்களுக்கு அன்றாடம் செய்யும் வேலை இது. முடிந்ததும் ஸ்டாண்டர்டு பிஸ்டன் போடலாம். எதிர்காலத்தில் போர் போடவும் மீண்டும் இடம் கிடைக்கும். கிராங்க் தண்டில் மெயின் பேரிங்குக்குள் சுழலும் பகுதியான மெயின் ஜர்னலின் மூல அளவு 50.8 மில்லிமீட்டர், இப்போதைய அளவையும் வட்டம் கெட்டிருக்கிறதா என்பதையும் அளந்து எழுதுங்கள். மூன்றே மெயின் பேரிங்குகள் தாங்கும் தண்டு என்பதால் அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

21 ஜூலை 2025

நேற்று எழுதியதற்கு முன்னால் நடக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்லீவுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் பிளாக்கையும் ஹெட்டையும் கொதிதொட்டியில் போட்டுக் கழுவி, தண்ணீர் வழிகளை அடைத்து, அழுத்தம் ஏற்றி விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். நான்காவது சிலிண்டரின் சுவரையும், ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு இடையிலான பகுதியையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இல்லையென்றால் ஸ்லீவ் போட்டு, பிளாக்கின் மேல்தளத்தை மட்டம் பிடித்து, ஆயில் வழிகளின் முனைப் பிளக்குகளையும் கழற்றித் தூரிகை விட்டுச் சுத்தம் செய்த பிறகே பொருத்த வேண்டும். அந்தத் துளைகளில் தங்கும் போரிங் துகள் புதுப் பேரிங்கை முதல் நாளிலேயே கீறிவிடும்.

பிளாக்கில் சிலிண்டர் சுவரையோ பேரிங் இருக்கையையோ தொடும் விரிசல் இருந்தால் நானும் மாற்றவே சொல்வேன். அப்போதும் இன்னொரு 1489 பிளாக்கைத் தேடுங்கள். கியர் பெட்டி, மவுண்ட், ஷாஃப்ட், தரைத் தகடு எதையும் தொட வேண்டாம், கொள்ளளவும் மாறாது, எண் மட்டுமே மாறும். வாங்கும்போது விற்பவரிடம் ரசீதில் எஞ்சின் எண்ணை எழுதி வாங்குங்கள். பொருத்துவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.

எந்த வழியானாலும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். ஓடத் தொடங்கியதும் நெடுநேரம் ஐடிலில் விடாதீர்கள். சாலையில் மிதமான சுமையில் ஓட்டினால்தான் ரிங் உட்காரும். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மீண்டும் முறுக்கி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டாப்பெட் இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைத்துவிடுங்கள்.